பல்லக்காவின் சொந்த முகவரி

நாற்பத்தாறு வயது முடியும்வரை பல்லக்காவுக்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்ததில்லை. வீட்டுக்கு ஒன்று இருந்தது. அது போதும் என்பது அண்ணனின் கட்சி. அவர் ஒரு பெயின்ட் கிடங்கில் ஸ்டோர் கீப்பர். எது எங்கே இருக்கிறது, யார் எடுத்தார்கள், எப்போது திரும்பி வரும் என்று தெரியாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. பல வருஷங்களுக்கு முன்னால் மின்கட்டணத்துக்காக அவர் திறந்த முகவரிக்குத்தான் அந்த வீட்டின் சகலமும் வந்து சேரும். மகனின் கல்லூரிக் கடிதம், அண்ணியின் கண்ணாடிக் கடை ரசீது, பல்லக்காவின் வங்கித் தகவல் எல்லாம் அதில்தான். முன்னறையில் ஒரு மேசை, மேசைமேல் கணினி, கணினியில் எந்நேரமும் திறந்தபடி அந்த மெயில். காலையில் காபியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரிப்பார். உரியவரைக் கூப்பிட்டு, வந்த விஷயத்தைச் சொல்லி, என்ன செய்யலாம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவார்.

பல்லக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பல் செட் செய்யும் தொழிற்கூடத்தில் அவளுக்கு விழுந்த பெயர், தெருவரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. பல் மருத்துவமனைகளிலிருந்து வாயின் அச்சு வரும். கூடவே ஒரு வேலைச் சீட்டு வரும்; மேல்தாடையா கீழ்த்தாடையா, பல்லின் நிறம் என்ன, ஆணா பெண்ணா, வயது என்ன, எப்போது வேண்டும் என்று கட்டம் கட்டமாக இருக்கும். அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, காய்ந்ததும் அதன்மேல் மெழுகை உருக்கி, மெழுகில் பல்லைப் பல்லாக நட்டு வைப்பது பல்லக்காவின் வேலை. ஊரில் பாதிப் பேர் அவள் செய்த பல்லால் மென்றுகொண்டிருக்கிறார்கள் என்று முதலாளி பெருமையடித்துக்கொள்வார். அந்தப் பாதிப் பேரில் ஒருத்தர் முகத்தைக்கூட அவள் பார்த்ததில்லை. வாய் மட்டும் அச்சாக வரும், பல்லாகப் போகும். அவ்வளவுதான் உறவு.

ஒரே ஒரு வாய் விதிவிலக்கு. அது மாவுக்காரருடையது.

அச்சு ஊற்றும் மாவையும் மெழுகுக் கட்டிகளையும் தொழிற்கூடங்களுக்கு விற்றுக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றியவர் அவர். மனைவி போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன, பிள்ளைகள் இல்லை. மாதம் ஒரு தடவை வந்து மூட்டையை இறக்கிவிட்டு, அதன்மேலேயே உட்கார்ந்து டீ குடிப்பார். படிக்கட்டில் வழுக்கி முன்பல் மூன்றை உடைத்துக்கொண்டு ஒரு தடவை வந்தபோது, வாயைப் பொத்திக்கொண்டே பேசினார். பல்லக்காதான் அவருக்குப் பல் கட்டினாள். மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்து அவர் சிரித்த சிரிப்பில் பாதி அவள் செய்தது. தன் கைவேலை ஒரு முகத்தில் சிரித்ததை அவள் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள். அப்புறம் மாதம் ஒரு தடவை என்பது இரண்டு தடவையானது. மாவு அவ்வளவு செலவாகவில்லை என்பதை முதலாளியைத் தவிர எல்லோரும் கவனித்தார்கள்.

அதற்குள் மாவுக்காரருக்கு அலைச்சல் அலுத்துவிட்டது. பஸ்ஸில் ஐந்து மணி நேரம் தள்ளி இருக்கும் இன்னொரு நகரத்தில் சின்னதாக ஒரு தொழிற்கூடம் போட முடிவு செய்தார். கடைசியாக மூட்டை இறக்க வந்தவர், போகும்போது பல்லக்காவின் மேசைக்குப் பக்கத்தில் நின்று, அங்கே இரண்டு மேசை போடப் போவதாகச் சொன்னார். ஒன்று தனக்கு, இன்னொன்று அவள் வந்தால் அவளுக்கு. வேலைக்கு மட்டும் கூப்பிடவில்லை என்பதையும் ஒருவழியாகச் சொல்லி முடித்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றாள் பல்லக்கா. யோசிப்பதற்கு ஓர் இடம் வேண்டும். அது அவளிடம் இல்லை.

அண்ணன் கெட்டவர் இல்லை. அப்பா இறந்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவளைத் தூக்கி நிறுத்தியது அவர்தான். ஆனால் அவள் விஷயம் எதுவும் அவர் கை படாமல் நடந்ததில்லை. அவளுடைய இருபத்தொன்பதாவது வயதில் ஒரு நல்ல இடம் வந்தது. அண்ணன் விசாரித்தார். மாப்பிள்ளை வேலை பார்த்த இடத்தில் விசாரித்தார், முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரித்தார், பக்கத்து வீட்டில், முடிவெட்டும் கடையில் எல்லாம் விசாரித்தார். கடைசியில் அவர்களே ஆளை விட்டால் போதும் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். ஏதோ மறைக்கப் பார்த்திருக்கிறார்கள், நல்லவேளை தப்பித்தோம் என்று அண்ணன் மூச்சு விட்டார். அவள் மாலை நேரத் தையல் வகுப்பில் சேர்ந்தபோது, முதல் நாள் கூடவே வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்து வகுப்பு எப்படி என்று பார்த்துவிட்டுப் போனார். இரண்டாம் நாள் அவளே போகவில்லை.

ஆகவே இந்த விஷயத்தை முடிவு செய்துவிட்டுத்தான் அண்ணனிடம் சொல்வது என்று பல்லக்கா தீர்மானித்திருந்தாள். முடிவாகிவிட்டதை அவர் என்ன விசாரித்தாலும் மாற்ற முடியாது. முடிவாகும்வரை காதும் காதும் வைத்தாற்போல் இருக்க வேண்டும். போனில் பேசலாமென்றால், அவள் போனின் சிம் கார்டு அண்ணன் பெயரில் இருந்தது. யாருக்கு எத்தனை நிமிஷம் என்ற விவரம் மாதாமாதம் வீட்டு மெயிலுக்கு வரும். தவிர அந்த வீட்டில் போன் என்பது குடிதண்ணீர்ப் பானை மாதிரி. யாருக்குத் தேவையோ அவர் எடுத்துக்கொள்வார்.

மெயில் என்கிற யோசனை அவளுக்கு வந்தது ஒரு ஸ்கேன் முடிவினால். அடிவயிற்று வலிக்காக எடுத்த கர்ப்பப்பை ஸ்கேன் அது. ஆஸ்பத்திரிக்காரர்கள் கேட்ட முகவரிக்கு வீட்டு மெயிலைத்தான் கொடுத்திருந்தாள். காலையில் எழுந்து வந்தால், இரண்டு தாளில் அச்செடுத்து, பறக்காமலிருக்க மேலே ஒரு டம்ளரைக் கவிழ்த்து, சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தார் அண்ணன். பக்கத்தில் அண்ணன் மகன் ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

"நல்லாத்தாம்மா வந்திருக்கு. கட்டி கிட்டி எதுவும் இல்லியாம். முழுசும் படிச்சுட்டேன், நீ பயப்படாத."

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. சரிண்ணா என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

அன்று மத்தியானம் அவள் பீங்கானைத் தனியாகக் கூப்பிட்டாள். பீங்கான், அடுத்த மேசைக்காரி. பல்லுக்கு மேலே மாட்டும் பீங்கான் உறைகளைச் சூளையில் சுட்டு எடுப்பது அவள் வேலை. கணவனிடமிருந்து விலகி வந்தவள். போனில் மனைவி இருக்கும் இடத்தைக் காட்டும் செயலியைப் போட்டு வேவு பார்த்த ஆள் அவன். அதனால் பூட்டு, கடவுச்சொல், உளவு விஷயங்களில் அவளுக்கு அனுபவத்தில் வந்த படிப்பு உண்டு. விஷயத்தைக் கேட்டதும் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அக்கா, மாவுக்கு இவ்வளவு பாதுகாப்பா?"

சிரித்தாலும் வேலையில் இறங்கிவிட்டாள். சாப்பாட்டு நேரத்தில், தொழிற்கூடத்து அலுவலக அறைக் கணினியில், ஒரு வாரம் இரண்டு பேரும் தேடினார்கள். புடவை எடுக்கப் போனால்கூடப் பல்லக்கா இவ்வளவு புரட்டிப் பார்த்ததில்லை. எல்லோரும் வைத்திருக்கிற பெரிய கம்பெனியில் திறப்பது சுலபம், காசும் இல்லை. ஆனால் அது போன் நம்பர் கேட்டது. அந்த நம்பர் அண்ணனுடையது. அடுத்த கம்பெனி, கடிதத்தைப் பூட்டியே அனுப்பும் மறையாக்கச் சேவை என்று பேர் பெற்றது. சந்தா கட்ட வேண்டும். சந்தாவை அட்டையில் கட்டினால் வங்கி உடனே ஒரு தகவல் அனுப்பும், அது வீட்டு மெயிலுக்கு வரும், காபியோடு அண்ணன் படிப்பார். இன்னொன்று நன்றாகத்தான் இருந்தது, ஆனால் போனில் செயலி போட்டால்தான் திறக்கும். போன் பானை மாதிரி என்றாயிற்றே.

நாலாவதாக அகப்பட்டது ஏதோ ஒரு தூர தேசத்துக் கம்பெனி. இலவசம், போன் நம்பர் வேண்டாம், பெட்டி சின்னதுதான், ஆனால் கடிதம் வைக்கப் போதும். எழுதுகிறவரின் கணினியிலேயே கடிதம் பூட்டப்பட்டு, படிக்கிறவரின் கணினிக்கு வந்துதான் திறக்குமாம். இரண்டு பேரும் அங்கேயே கணக்கு வைத்திருந்தால் நடுவில் யாராலும் பிரிக்க முடியாது. கடிதத்தின் தலைப்பு மட்டும் பூட்டில் அடங்காது, அதனால் தலைப்பில் விவகாரமாக எதுவும் எழுதக் கூடாது என்று பீங்கான் எச்சரித்தாள். பல்லக்காவுக்கு ஒரே ஒரு கேள்விதான் திரும்பத் திரும்ப இருந்தது.

"அந்தக் கம்பெனிக்காரங்க படிக்க மாட்டாங்களா?"

"அவங்களாலயே முடியாதாம்க்கா. சாவி அவங்ககிட்ட இல்ல. முதலாளியே வந்து கெஞ்சினாலும் திறக்காது."

"பாஸ்வேர்டு மறந்துட்டா?"

"போச்சு. பழசெல்லாம் போனது போனதுதான்."

இதுவே இருக்கட்டும் என்றாள் பல்லக்கா. தொலைந்தாலும் தொலையட்டும், இன்னொருத்தர் படிக்கக் கூடாது என்பது அன்று அவளுக்குப் பெரிய சௌகரியமாகப் பட்டது.

விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போது சூளையின் மணி அடித்தது. உறைகள் வெந்துவிட்டன; எடுக்காவிட்டால் வெடித்துவிடும். மிச்சத்தை நீங்களே போடுங்கக்கா என்று சொல்லிவிட்டுப் பீங்கான் ஓடினாள். மிச்சம் இருந்தது ஒரே கட்டம். மீட்பு மின்னஞ்சல் முகவரி, விருப்பமிருந்தால் மட்டும், என்று போட்டிருந்தது.

பல்லக்காவின் கையில் வந்த வேலைச் சீட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அந்த வேலை நகராது. நிறம் எழுதாமல் வந்த சீட்டை நம்பிப் பல் கட்டி, வெள்ளை வெளேரென்று ஒரு கிழவருக்குப் போய்ச் சேர்ந்து, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது புதிதில் நடந்த கதை. அன்றிலிருந்து அவள் காலிக் கட்டத்தைக் கண்டால் கிளினிக்குக்குப் போன் போட்டுக் கேட்டு எழுதிவிட்டுத்தான் மெழுகை உருக்குவாள். விருப்பமிருந்தால் என்பதெல்லாம் அவள் கண்ணில் பதியவில்லை. கட்டம் காலியாக இருந்தது. அவளுக்குத் தெரிந்த மின்னஞ்சல் முகவரி உலகத்திலேயே ஒன்றுதான். அதை எழுத்துக் கூட்டி அடித்தாள். சரி என்பதை அழுத்தினாள்.

முதலாளி மேசையில் இல்லாத நேரம் பார்த்து, மாவுக்காரருக்குத் தொழிற்கூடத்துப் போனிலிருந்து பேசி, அவரையும் அதே கம்பெனியில் ஒரு கணக்குத் திறக்க வைத்தாள். பொடி எழுத்தைப் படிக்கக் கண்ணாடி தேடுவதற்குள் பக்கம் மாறிவிடுகிறது என்று அவர் பாதி நாள் போராடினார். அன்று சாயங்காலம் முதல் கடிதம் வந்தது. தலைப்பு: மாவு இருப்பு. உள்ளே இரண்டே வரி. வந்து சேர்ந்ததா? எனக்கு இந்த வயதில் இதெல்லாம் வெட்கமாக இருக்கிறது, ஆனால் நன்றாகவும் இருக்கிறது.

அப்புறம் ஏழு மாதம் கடிதம் ஓடியது. அவள் சாப்பாட்டு நேரத்தில் படிப்பாள், மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எழுதுவாள். தலைப்பெல்லாம் தொழில். மெழுகு விலை, மேல்தாடை இரண்டு, கீழ்த்தாடை ஒன்று. உள்ளே அவர் தனியாகச் சமைத்துக் கருக்கியது இருக்கும். மனைவி கடைசி நாட்களில் பேசியது, ஜன்னலோரம் போட்டிருக்கும் இரண்டாவது மேசைக்குக் காலை வெயில் எந்நேரம் வருகிறது என்பது எல்லாம் இருக்கும். பல்லக்கா முதலில் வேலைச் சீட்டு மாதிரிதான் எழுதினாள். நாளாக ஆக அவளுக்கும் கை வந்தது. இருபத்தொன்பது வயதில் வந்த அந்த இடத்தைப் பற்றி எழுதினாள். ஸ்கேன் தாளைப் பற்றி எழுதினாள். யாரிடமும் சொல்லாததையெல்லாம் எழுதிவிட்டு, கணக்கிலிருந்து வெளியேறி, கையைக் கழுவிக்கொண்டு மேசைக்குத் திரும்புவாள். சம்மதம் என்கிற ஒரு சொல்லை மட்டும் எழுதவில்லை. மாதக் கடைசிக்குள் சொல்கிறேன் என்று எழுதியிருந்தாள். சொல்லத்தான் போகிறாள் என்பது பீங்கானுக்குத் தெரியும். சம்மதக் கடிதம் பாதி எழுதி, அனுப்பாமல் பெட்டியிலேயே இருந்தது. நல்ல வார்த்தையாக ஒன்று அகப்படட்டும் என்று இழுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த மாதக் கடைசியில்தான் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் இல்லை, ஆளைப் புரட்டிப் போடுகிற காய்ச்சல். பத்து நாள் போலப் படுக்கையைவிட்டு எழவில்லை. அண்ணி வேளாவேளைக்கு மாத்திரை கொடுத்தாள். அண்ணன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காய்ச்சல் எத்தனை டிகிரி என்று எழுதி வைத்தார்.

கணக்குத் திறந்த அன்று கம்பெனி அனுப்பிய உறுதிக் கடிதம் வீட்டு மெயிலில் விளம்பரக் குப்பையோடு விழுந்து, அண்ணன் மொத்தமாகத் துடைத்தபோது போய்விட்டிருந்தது. இந்தத் தடவை அதிர்ஷ்டம் அப்படி இல்லை. ஒருவர் ஒரு வாரமாகப் பெட்டியைத் திறக்காமல் இருந்தால், மீட்பு முகவரிக்கு ஒரு நினைவூட்டல் அனுப்புவது அந்தக் கம்பெனியின் வழக்கம். கரிசனமான கம்பெனி. உங்களுக்குப் படிக்காத கடிதங்கள் காத்திருக்கின்றன, என்று தங்கையின் பெயரைப் போட்டு வந்ததை அண்ணன் காபியோடு படித்தார்.

நடந்ததை அவரே சொன்னார், அவள் எழுந்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்த அன்று. ஒளிக்கவில்லை. கிடங்கில் இருப்பு எடுத்த விவரத்தைச் சொல்வது போல ஒன்றுவிடாமல் சொன்னார். யாரோ அவள் பெயரில் கள்ளக் கணக்குத் திறந்து ஏமாற்றுகிறான் என்றுதான் முதலில் நினைத்தாராம். கடவுச்சொல் மறந்துவிட்டது என்பதை அழுத்தினால், புதிது போட்டுக்கொள்ளும் வழி வீட்டு மெயிலுக்கே வந்ததாம். வீட்டின் வழக்கமான கடவுச்சொல்லையே இதற்கும் போட்டுவிட்டாராம்.

பல்லக்கா தட்டிலிருந்து கையை எடுத்தாள்.

"எல்லாத்தையும் படிச்சீங்களாண்ணா?"

"பழசு ஒண்ணுகூடத் திறக்கல. அத்தனையும் கிறுக்கலாத் தெரியுது. நல்லாத்தான் பூட்டியிருக்கான்."

அவள் மறுபடி தட்டில் கை வைத்தாள். அடுத்த வாக்கியத்தை அண்ணன் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"அப்புறம் புதுசா ஒண்ணு வந்துச்சு. அது திறந்துச்சு."

"யார்கிட்டருந்துன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. இந்தக் கணக்கு இப்போ உபயோகத்துல இல்லன்னு ஒரு வரி பதில் போட்டுட்டேன். வேற ஒண்ணும் எழுதல. மரியாதையாத்தான் போட்டேன்."

அண்ணி கையில் தண்ணீர்க் குவளையோடு வாசற்படியில் நின்றாள். அண்ணன்தான் மறுபடி ஆரம்பித்தார். குரல் இறங்கியிருந்தது.

"ஆள் யாருன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே போய் விசாரிச்சுப் பேசி முடிச்சிருப்பேனேம்மா."

"அதுக்குத்தாண்ணா சொல்லல."

இதைவிட நீளமாக அவள் அண்ணனை எதிர்த்துப் பேசியதில்லை. அவர் புதுக் கடவுச்சொல்லை ஒரு துண்டுத் தாளில் எழுதி, தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாளே, கால் தள்ளாட, பல்லக்கா தொழிற்கூடத்துக்குப் போனாள். அலுவலக அறையில் பீங்கான் பக்கத்தில் நிற்க, பெட்டியைத் திறந்தாள். ஏழு மாதக் கடிதங்களும் வரிசையாக இருந்தன. தலைப்பு இருந்தது, தேதி இருந்தது. மாவு இருப்பு. மெழுகு விலை. மேல்தாடை இரண்டு. ஒன்றைத் தொட்டால், திரை முழுக்க எழுத்தும் எண்ணுமாக, அரைத்துக் கொட்டிய மாதிரி. அடுத்ததும் அப்படியே. அவர் எழுதியது, அவள் எழுதியது, அனுப்பாமல் வைத்திருந்த பாதிக் கடிதம் எல்லாமே அப்படித்தான். பீங்கான் கம்பெனிக்கு எழுதிக் கேட்டாள். பதில் மரியாதையாக வந்தது. வெளி முகவரி வழியாகக் கடவுச்சொல்லை மாற்றினால், வந்தவர் திருடனாகவும் இருக்கலாம் என்று எண்ணிப் பழைய சாவியை அழித்துவிடுவார்களாம். உங்கள் பாதுகாப்புக்காகத்தான், என்று முடித்திருந்தார்கள்.

"அந்தக் கட்டத்துல வீட்டு மெயிலையாக்கா போட்டீங்க?" என்று பீங்கான் மெதுவாகக் கேட்டாள். பல்லக்கா தலையாட்டினாள். சூளை அன்றைக்குப் பார்த்தா மணி அடிக்க வேண்டும் என்று பீங்கான் தன்னையே நொந்துகொண்டாள். இதில் சூளை என்ன செய்யும் என்று பல்லக்கா சொன்னாள்.

திறந்த ஒரே கடிதம் அந்தக் கடைசிக் கடிதம். சனிக்கிழமை சரக்கு எடுக்க அங்கே வருகிறேன், என்று மாவுக்காரர் எழுதியிருந்தார். பஸ் நிலையத்து மாடியில் இருக்கும் டீக்கடையில் காலை பத்து மணியிலிருந்து உட்கார்ந்திருப்பேன். எழுதக் கஷ்டமாக இருந்தால் எழுத வேண்டாம், வந்தால் போதும். வராவிட்டாலும் புரிந்துகொள்வேன். அதன் கீழே அண்ணனின் ஒரு வரி. அந்தச் சனிக்கிழமை அவளுக்குக் காய்ச்சல் இன்னும் இறங்காத நாள்; அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து டிகிரி எழுதிய நாள்.

அவள் அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். நல்ல வார்த்தை தேடவில்லை. அந்த வரியை எழுதியது நான் இல்லை, எனக்குக் காய்ச்சல், எனக்குச் சம்மதம், என்று எழுதி அனுப்பினாள். கடவுச்சொல்லை மாற்றினாள். மீட்பு முகவரியைப் பீங்கான் கையாலேயே அழிக்கச் சொன்னாள்.

பதிலுக்கு இரண்டு வாரம் ஆனது. இடையில் ஒவ்வொரு மத்தியானமும் பெட்டியைத் திறந்து மூடுவாள். பீங்கான் கேட்க மாட்டாள். முகத்தைப் பார்த்துவிட்டுச் சூளைப் பக்கம் திரும்பிக்கொள்வாள். வந்த கடிதத்துக்குத் தலைப்பே இல்லை.

அந்த ஒரு வரியைப் பார்த்த பிறகும் வந்தேன், என்று அவர் எழுதியிருந்தார். மத்தியானம் இரண்டு மணிவரை உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் மேசை துடைக்க ஆரம்பித்ததும் எழுந்துவிட்டேன். உங்களுக்கு உடம்பு சரியில்லாதது எனக்குத் தெரியாது. இப்போது படித்தபோது சங்கடமாக இருக்கிறது. இரண்டாவது மேசைக்கு ஓர் ஆளைச் சேர்த்துவிட்டேன், வேலை நின்றுகொண்டிருந்தது. மற்ற விஷயத்தில் உங்கள்மேல் துளியும் வருத்தம் இல்லை. ஒரு தடவை எப்படியோ துணிந்துவிட்டேன். மறுபடி ஒரு தடவை துணிய என்னால் முடியவில்லை. உங்கள் வீட்டாரையும் நினைத்தால் பயமாக இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பல் நன்றாக இருக்கிறது.

பல்லக்கா அதை இரண்டு தடவை படித்தாள். பீங்கானுக்குப் பொறுக்கவில்லை. அஞ்சு மணி நேரம்தானே, பஸ் ஏறிப் போய் எதிரே நின்றால் மனுஷன் மாறிவிடுவான் என்றாள். தான்கூட வருவதாகச் சொன்னாள். பல்லக்கா கணக்கிலிருந்து வெளியேறினாள்.

"வேணாம்டி. கூப்பிட்டவரே வேணாங்கிறார். நான் போய் நின்னா அவரை விசாரிக்கப் போன மாதிரி ஆயிடும்." நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "இந்தக் கடிதத்தை முதல்ல படிச்சது நான். அது போதும்."

அது போதவில்லை என்பது பீங்கானுக்குத் தெரியும். அன்று சாயங்காலம் ஒரு கீழ்த்தாடையில் கடைவாய்ப் பல்லை இடம் வலம் மாற்றி நட்டுவிட்டாள் பல்லக்கா. கண்டுபிடித்ததும் மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். வீட்டில் எப்போதும் போலப் பேசினாள், சாப்பிட்டாள். அண்ணன் காலையில் மெயில் பிரிக்கும்போது அவள் பெயரில் வருவதைப் படிக்காமல் தள்ளிவிட ஆரம்பித்திருந்தார். ஆனாலும் தள்ளிவிட்டதை அவளிடம் சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை. உனக்கு ஒண்ணு வந்திருக்கும்மா, நான் பார்க்கல, என்பார்.

மழைக்காலம் தொடங்கியதும் பல்லக்கா தொழிற்கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு தையற்கடைக்கு மேலே, ஒற்றை அறை ஒன்றைப் பிடித்தாள். முன்பணம் கொடுத்துச் சாவி வாங்கிய பிறகுதான் வீட்டில் சொன்னாள். அண்ணி அழுதாள். அண்ணன் அறை எந்தப் பக்கம், தண்ணீர் வசதி எப்படி, வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்று கேட்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். வரும் ஞாயிற்றுக்கிழமை அவள் குடிபோகிறாள். சாமான் ஏற்ற வண்டி பேசியிருப்பது அண்ணன்தான்.